காதுக்கு எட்டாத இரைச்சல்

ஒலிபெருக்கிச் சுருள்கம்பியில் கருகும் வார்னிஷுக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. போன வாரம் கம்பம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பழக்கடையின் ஒலிபெருக்கி புகைந்தபோது அது நேராக என்னிடம் வந்தது. கையில் அரைக்கிலோ பன்னீர் திராட்சை. ஒன்றுகூட வாயில் வைக்க முடியவில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது வாசனை இருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வாசனை. எனக்கு அது சபியாக்காவின் பெயரைச் சொன்னது.

அதே தெருவில் ஆம்ப்ளிஃபயர் செட்டு கட்டித் தரும் கடையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அக்கா சால்டரிங், ஈயம் உருக்கி ஒட்டுகிற வேலை. நான் போர்டில் உதிரிகளைப் பொருத்துவது, பிறகு காது வைத்துச் சோதிப்பது. சபியாக்கா கைபட்ட செட்டு திரும்பி வராது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சில்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பென்டிரைவ் பாட்டுக்கென்று அப்போது புது ஐசி ஒன்று வந்திருந்தது. எண்களை வாங்கி ஒலியாக்கித் தரும். அதற்குத் தெரிந்தது இரண்டே சொல்: உண்டு, இல்லை. பெரியாற்றுத் தண்ணீர் இறங்கும் லோயர் கேம்ப்பில் ஒரு மதகு, முழுக்கத் திறக்கும் அல்லது முழுக்க மூடும், நடுவே நிற்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்குப் பல லட்சம் தடவை திறந்து மூடினால் கீழே கால்வாயில் வேண்டிய அளவுத் தண்ணீர் அலுங்காமல் போகும். ஒரு தடவை கூடியதை, குறைந்ததை நினைவில் வைத்து அடுத்த தடவையில் ஈடுகட்டும். மிஞ்சும் பிழையை இரைச்சலாக்கி, மனிதக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிடும். அந்த இரைச்சலை வடிகட்ட வெளியே நாலு கண்டன்சர் வைத்த ஃபில்டர் வேண்டும். பிழையைக்கூட ஒளித்துவைக்கத் தெரிந்த ஐசி என்று அதன்மேல் எனக்கு ஒரு மயக்கம். அந்த வயதில் எதன்மேல்தான் மயங்கவில்லை.

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் மகளின் காதுகுத்துக்குச் செட்டு கேட்டிருந்தார். மதுரையிலிருந்து கண்டன்சர் வந்து சேரவில்லை. ஃபில்டர் இல்லாமலே ஓட்டிப் பார்த்தேன், பாட்டு கண்ணாடியாகக் கேட்டது. காதில் விழாத ஒன்றால் என்ன வந்துவிடப் போகிறது? அனுப்பிவிட்டேன். மறுநாள் வந்த கண்டன்சர்களை என் மேசை டிராயரில் போட்டு மூடினேன்.

நாலாம் நாள் அவர் எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"மூக்கடைச்ச ஆளு பாடுனாப்புல இருக்குய்யா. சலங்கச் சத்தத்தவே காணோம். விசேசத்துக்கு வந்தவுக பூராம் சிரிச்சாக."

சலங்கை மாதிரி மெல்லிய ஒலிக்கென்று இருக்கும் சின்ன ஒலிபெருக்கி, ட்வீட்டர், இரண்டும் கருகியிருந்தன. யாருக்கும் கேட்காத அந்த இரைச்சல் நாள் முழுக்க அவற்றைச் சுட்டிருக்கிறது. வாசனை வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைக்கார அண்ணன் அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, எங்கனயும் ஈயம் ஒட்டி சார்ட்டாயிருச்சா?"

"எங்கையில அப்பிடி ஆகாதுண்ணே."

"ஆத்தா, ஓங்கையி மட்டும் என்ன வானத்துல செஞ்சதா?" என்று சிரித்தவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. சால்டரிங் கோளாறா?"

இரண்டே சொல் தெரிந்த ஐசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னேன்.

"இருக்கலாம்ணே."

அன்றைக்கே அக்கா வேலையை விட்டார்.

அந்தக் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஃபில்டரும் சேர்ந்தே கட்டைவிரல் அளவு போர்டாக வந்துவிடுகிறது. ஈயப் புகை அந்தத் தெருவை விட்டே போய்விட்டது. அக்கா உத்தமபாளையத்தில் இருப்பதாகக் கேள்வி. தேனி பஸ் அங்கே நிற்கும்போதெல்லாம் நான் செல்போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்கிறேன்.

அன்றைக்குக் கிளம்பும்போது அவர் சால்டரிங் இரும்பை ஆறவைத்து, துணியால் துடைத்து, என் மேசையில் வைத்தார். அண்ணனுக்குக் கேட்காத குரலில்தான் சொன்னார்.

"ஓன் டிராயருல நாலு கண்டன்சர் கெடக்கு தம்பி. அடுத்த செட்டுக்காச்சும் போட்டுரு."