கடைசி எண் ஆடுகிறதா?

என் மனைவியின் தங்கைக்குத் துறைமுகத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘இன்னொரு தடவை’. படகுகளிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிடுகிறவர்கள், பக்கத்தில் நிற்பவனிடம், “இன்னிக்கு ‘இன்னொரு தடவை’தான் டியூட்டி போல, தொண்டையைக் கனைச்சுக்கோ” என்று சொல்லிக்கொள்வது அவளுக்குத் தெளிவாகக் கேட்கும். பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே பேசுகிறோம் என்பதை அவர்கள் மறந்துவிடுவார்கள். அவள் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். படகு எங்கே நிற்கிறது என்று கேட்பாள். அவர்கள் எண்களை வாசிப்பார்கள். வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டு, “இன்னொரு தடவை சொல்லுங்க” என்பாள்.

துறைமுக அலுவலகத்தின் மாடியில், கடலைப் பார்த்த அறையில் அவளுக்கு வேலை. மேசைமேல் இரண்டு வயர்லெஸ் பெட்டிகள், சுவரில் கடல் வரைபடம், வாசல் ஓரம் வந்துபோகிறவர்கள் உட்கார ஒரு மரப்பெஞ்சு. கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் ஒரு ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. உள்ளங்கைக்குச் சற்றுப் பெரியது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளை வாங்கி, படகு பூமியில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று இரண்டு எண்களாகக் காட்டும். மேலே வடக்கு எண், கீழே கிழக்கு எண். ஒவ்வொன்றிலும் டிகிரி, நிமிடம், அப்புறம் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கங்கள். அந்தக் கடற்பகுதி முழுவதற்கும் ஒரே டிகிரிதான் என்பதால் அதை யாரும் சொல்வதில்லை. நிமிடத்திலிருந்துதான் வாசிப்பார்கள். படகு சிக்கலில் மாட்டினால், மீட்புப் படகு அந்த இரண்டு எண்களை நம்பித்தான் புறப்படும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய கருவி ஒன்றை யாரோ அந்த அறையின் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வயர்லெஸ் சும்மா இருக்கும் மதிய வேளைகளில் அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டடம் நகரவில்லை, ஜன்னலும் நகரவில்லை. ஆனால் கருவியின் கடைசி இலக்கம் மட்டும் ஓயாது. ஏழு, எட்டு, மறுபடி ஏழு, ஆறு. கெட்டுப்போன கருவி என்று நினைத்துப் பழுதுபார்ப்பவரிடம் காட்டினாள். அவர் சிரித்தார். அது ஒவ்வொரு நொடியும் புதிதாகக் கணக்குப் போடுகிறது, காற்றைக் கடந்து வரும் சமிக்ஞை கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், அதனால் அப்படித்தான் ஆடும் என்றார். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அவள் அந்தப் பதிலைத் திருப்பிப் போட்டு யோசித்தாள். இப்போது கணக்குப் போட்ட எண் ஆடும் என்றால், ஆடாத எண் எப்போதோ போட்ட கணக்கு.

நான் உறுதி என்பதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அசையாததை நம்பு என்றுதான் பெரும்பாலான புத்தகங்கள் ஏதோ ஒரு வழியில் சொல்கின்றன. அசைவதைப் பார்த்து நிம்மதி அடைகிற ஒருத்தியை என் வீட்டு மாடியிலேயே குடிவைத்திருந்தும், அதை யோசித்துப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

அதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் அவளோடு பேசுவது கொஞ்சம் சிரமம். எல்லார் வீட்டிலும் தொலைபேசியில் “எங்க இருக்கீங்க?” என்றால், குளியலறையில் இருப்பவர்கூட “இதோ பக்கத்துல வந்துட்டேன்” என்பார். கேட்பவரும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. “எதிர்ல என்ன கடை தெரியுது?” என்று கேட்டுவிடுவாள். மனிதர் திணறிப்போய் உண்மையைச் சொல்லிவிடுவார். அதே சமயம் அவளுக்குச் சொந்தமாகத் திசையே தெரியாது. சந்தைக்குப் போனால் வேறு வாசல் வழியாக வெளியே வந்து, திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பாள். “கடல்ல காணாமப் போனவனை எல்லாம் இவ கண்டுபிடிச்சுடுவா, சந்தையில இவளை நாமதான் கண்டுபிடிக்கணும்” என்று என் மனைவி சொல்வாள். அவளும் சிரிப்பாள். மறுக்க மாட்டாள்.

ஒருநாள் காலை அவள் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கப் போனவன், வெயிலுக்கு அஞ்சிக் கொஞ்ச நேரம் அந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

மூன்று பேர் போன படகு. அடிப்பலகை பிளந்து தண்ணீர் ஏறுகிறது. எஞ்சின் நின்றுவிட்டது. படகோட்டியும் இன்னொருவரும் கீழே இறங்கி வாளியால் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள், பேசுகிறவர் வலை இழுக்கிற ஆள். வயர்லெஸ்ஸுக்கு மின்சாரம் கொடுக்கும் பேட்டரி எஞ்சின் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீர் அதைத் தொட்டால் பேச்சு நின்றுவிடும்.

அவள் இடம் கேட்டாள். வலைக்காரர் தெளிவாக வாசித்தார். வடக்கு இருபத்து மூணு, புள்ளி, நாலு ஒண்ணு ஏழு. கிழக்கு ஐம்பத்தொண்ணு, புள்ளி, சைபர் எட்டு சைபர். அவள் எழுதினாள். இன்னொரு தடவை கேட்டாள். அதே எண்கள். பக்கத்து மேசையிலிருந்த தலைமை ஆபரேட்டர் கடல்படத்தில் குறித்து மீட்புப் படகுக்குச் சொன்னார். ஜன்னல் வழியே பார்த்தேன், அது அலைதடுப்புச் சுவரைத் தாண்டி வேகமெடுத்தது. எல்லாம் சரியாக நடந்தது என்றுதான் நினைத்தேன்.

அவள் மூன்றாவது முறையும் கேட்டாள். மூன்றாவது முறையும் ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

“மூணு தடவையும் ஒரே எண்ணும்மா, இனி என்ன சந்தேகம்?” என்றார் தலைமை ஆபரேட்டர். கடிந்து பேசுகிற மனிதர் அல்ல. பேட்டரியைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலைதான்.

“அதான் சார் சந்தேகம்” என்றாள் அவள்.

எஞ்சின் நின்ற படகு காற்றிலும் நீரோட்டத்திலும் இழுபட்டுக்கொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் எண் கொஞ்சமாவது நகர்ந்திருக்க வேண்டும். கட்டடத்துக்குள் இருக்கும் கருவியே சும்மா இருப்பதில்லை. அப்படியானால் அந்த ஆள் வாசிப்பது படகு நிற்கும் இடத்தை அல்ல.

இதற்குக் காரணம் எங்கள் படகுக்காரர்களின் ஒரு பழக்கம், அதை அவள் அறிந்திருந்தாள். மீன் நிறையக் கிடைக்கிற இடத்தைக் கண்டுபிடித்தால், படகோட்டி அதைக் கருவியில் சேமித்துக்கொள்வார். அதற்குப் ‘பாயிண்ட்’ என்று பேர். நகையைப் போலப் பத்திரப்படுத்துவார்கள். கூட வருகிற ஆள் எட்டிப் பார்த்துவிடாமல் கருவிமேல் ஈரத்துண்டைப் போட்டு மூடி வைப்பவர்கள்கூட உண்டு. வலை இழுக்கிறவர் பத்து வருடம் கூடவே போயிருப்பார், அந்தக் கருவியை ஒருநாளும் தொட்டிருக்க மாட்டார். இன்று முதல் முறையாகத் துண்டை எடுத்திருக்கிறார். காலையில் படகோட்டி தன் பாயிண்டைத் திறந்து பார்த்துவிட்டு அதே பக்கத்தில் விட்டிருந்தால், திரையில் பெரிதாகத் தெரிகிற எண் அந்தப் பாயிண்டின் எண்ணாகத்தான் இருக்கும்.

ஆனால் இதெல்லாம் ஊகம்தான். அவள் நினைத்தது தப்பாக இருந்தால், சரியான இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் மீட்புப் படகைக் குழப்பி, மூழ்குகிறவர்களின் கடைசிப் பேச்சையும் வீணாக்கியவள் ஆவாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அங்கே பெரிய தைரியம் எதுவும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

“அண்ணே, கடைசி எண்ணு ஆடுதா?”

வலைக்காரருக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறவரிடம் இப்படிக் கேட்டால் யாருக்கும் வரும். இங்கே ஆள் சாகிறான், நீ பரீட்சை வைக்கிறாயா என்று தொடங்கி, எழுத முடியாத சிலவற்றையும் சொன்னார். தலைமை ஆபரேட்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பாதியில் குறுக்கிடவில்லை. அவர் மூச்சு விட நிறுத்தியதும், அதே குரலில், கொஞ்சமும் வேகம் கூட்டாமல் சொன்னாள்:

“திட்டுங்க, பரவால்ல. கைய மட்டும் கருவி மேல வைங்க. வலது பக்கம் மேல ஒரு பட்டன் இருக்கும், அமுக்குனா பக்கம் மாறும். எந்தப் பக்கத்துல கடைசி எண்ணு சும்மா இருக்காம ஆடிக்கிட்டே இருக்கோ, அந்தப் பக்கத்துல நிறுத்துங்க.”

இரைச்சல். தண்ணீர் இறைக்கும் சத்தம். பின்னால் யாரோ, படகோட்டியாகத்தான் இருக்க வேண்டும், அதை ஏண்டா தொடுற என்று கத்தினார். மூழ்கும் படகிலும் அந்தப் பழக்கம் விடவில்லை.

பிறகு வலைக்காரரின் குரல். கோபம் போய்விட்டிருந்தது.

“இது ஆடுது. ஏழு... எட்டு... திரும்ப ஏழு.”

“அதை வாசிங்க.”

“வடக்கு பதினாலு. புள்ளி. ஆறு ரெண்டு ஏழு. கிழக்கு நாப்பத்திரண்டு. புள்ளி...”

அதோடு நின்றது. அவள் கூப்பிட்டாள், மறுபடி கூப்பிட்டாள். பேட்டரியைத் தண்ணீர் தொட்டுவிட்டது.

கடல்படத்தில் அந்தப் புது இடம் பழைய இடத்துக்கு வெகு தூரம் தென்மேற்கே இருந்தது. அதுவும் முழுமையான இடம் அல்ல. கிழக்கு எண்ணின் புள்ளிக்குப் பின்னால் எதுவும் இல்லை. ஓர் இலக்கம் விடாமல் மூன்று முறை கேட்கிற பெண் அரைகுறை எண்ணோடு என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தயங்கவே இல்லை. மீட்புப் படகைக் கூப்பிட்டு, திசையை மாற்றச் சொன்னாள். முழுசாகக் கிடைத்த வடக்கு எண்ணை அங்கே இருப்பவர் எழுதிக்கொண்டதும், “கிழக்கு எண்ணு நாப்பத்திரண்டுக்கும் நாப்பத்துமூணுக்கும் நடுவுல. வடக்கு எண்ணை விடாம அந்தக் கோட்டு மேலயே போங்க, மிச்சத்தை உங்க கண்ணு பாத்துக்கும்” என்றாள்.

மீட்புப் படகின் ஆள், முதலில் சொன்ன இடம் என்ன ஆயிற்று என்று கேட்டார். தலைமை ஆபரேட்டர் எழுந்து வந்து, தானே பொத்தானை அழுத்தி, முதல் எண்ணை அழித்துவிடும்படி சொன்னார். அந்த மனிதரிடம் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

நான் போவதற்கு எழுந்தேன், போகவும் மனம் வரவில்லை. அவள் என் பக்கம் திரும்பி, “இருங்க அத்தான்” என்றாள். உட்கார்ந்தேன். ஜன்னல் விளிம்பில் அந்தப் பழைய கருவி தன்பாட்டுக்கு ஏழு, எட்டு என்று மாறிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. வயர்லெஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீட்புப் படகு வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டது. மூன்று பேரும் ஏறிவிட்டார்கள். படகின் முன்முனை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்ததாம், அதைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். அவள் “சரி” என்றாள். பிறகு மூன்று பேர்தானா, எண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தாயிற்று என்றார்கள்.

“இன்னொரு தடவை எண்ணுங்க” என்றாள். அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துவிட்டு எண்ணினார்.

எனக்குப் பாராட்டத் தெரியாது. நிறையத் தெரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள்மேல் எனக்குப் பெரிய வியப்பு இருந்ததில்லை. அன்று அவளுக்கும் எதுவும் உறுதியாகத் தெரியாது. தெரியாத நிலையில், எல்லாரும் நிம்மதியாக ஏற்றுக்கொண்ட ஒன்றைக் கேள்வி கேட்டு, அதற்காகக் கிடைத்த வசவையும் வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தாமல் உயர்த்தாமல் அடுத்த வார்த்தையைச் சொன்னாள். அதை நான் யாரிடமும் அதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியில், அந்த இரண்டாவது எண்ணும் தப்பாக இருந்திருந்தால் என்று கேட்டேன். “ஆடுச்சு, அத்தான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்றாள். சொல்லிவிட்டு இடது பக்கம் திரும்ப வேண்டிய தெருவில் வலது பக்கம் திரும்பினாள்.

சில நாள் கழித்துப் படகோட்டி அந்த அறைக்கு வந்தார். நடந்ததை அவள் அன்று சாயங்காலம் எங்களிடம் சொன்னாள். வந்தவர் கும்பிட்டார். உயிரைத் திருப்பிக் கொடுத்தீர்கள் என்றார். பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவள்தான் என்ன என்று கேட்டாள்.

“எங்கப்பா காலத்துலேருந்து தேடிக் கண்டுபிடிச்ச பாயிண்ட்டும்மா அது. பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல. அதைப் போயி எல்லாரும் கேக்குற வயர்லெஸ்ல, ஒரு தடவை இல்ல, மூணு தடவை வாசிக்க வெச்சுட்டீங்களே.”

படகு மூழ்கிய மறுநாள் காலையிலேயே துறைமுகத்தின் பாதிப் படகுகள் அங்கேதான் நின்றனவாம்.

“எனக்கு அந்த எண்ணு மறந்துபோச்சு, அண்ணே” என்றாள்.

“உங்களுக்கு மட்டும்தாம்மா மறந்துபோச்சு” என்றார் அவர். அதற்குப் பிறகு இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

அவர் இப்போது வேறு படகில் போகிறார். துண்டு போடுவதில்லை. மறைக்க இனி என்ன இருக்கிறது என்கிறார். அவர் படகிலிருந்து இடம் சொல்கிறவர் அதே வலைக்காரர்தான். வாசித்து முடித்து, அவள் வாயைத் திறப்பதற்குள், “ஆடுது, ஆடுது” என்று தானே சொல்லிவிடுகிறாராம்.

அதற்கு அவள் என்ன சொல்கிறாள் என்று என் மனைவி என்னிடம் கேட்டாள். வேறென்ன, இன்னொரு தடவை வாசிக்கச் சொல்கிறாள்.