சிங்கம் நகர்ந்த காசு

மார்த்தாண்டம் சந்தையில் மட்டி வாழைப்பழக் குலை மணக்கும்போதெல்லாம் எங்கள் கிறிஸ்தவ சபையின் பழைய ஓலைக்கொட்டகை நினைவுக்கு வந்துவிடும். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். விளைச்சலில் முதல் பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகையன்று அந்தக் கொட்டகையில் குலையும் சேவலும் முட்டையும் சீனிக்கிழங்கும் குவிந்து கிடக்க, மைக்கில் ஏலக்குரல் பாட்டுப்போல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். காணிக்கையாக வந்த எதையும் வீசக்கூடாது, ஏலத்தில்தான் விடவேண்டும்.

அப்படித்தான் ஒரு வருஷம், காணிக்கைப் பையில் கிடந்த, சிங்கமுத்திரை பாதி ஓரத்துக்கு வெளியே போன ஒற்றை ரூபாயும் ஏலத்துக்கு வந்தது. அச்சடித்த இடத்திலேயே வந்த பிழை, சேகரிக்கிறவர்கள் கொத்திக்கொண்டு போவார்கள் என்றார்கள் சிலர். ஏலத்துக்கு மைக் கட்ட வந்த மைக்செட் மாமாவோ கள்ளக்காசு என்று ஒரே பிடியாக நின்றார். கல்லில் தட்டிக் கேட்டார்கள், கடித்துப் பார்த்தார்கள், நல்ல காசோடு சேர்த்துவைத்துத் தடிமன் பார்த்தார்கள். மாமாவின் ஸ்பீக்கர் காந்தத்தில் இரண்டும் ஒன்றுபோல ஒட்டிக்கொண்ட பிறகும் அவர் மசியவில்லை.

ஆனால் ஏலம் தொடங்கியதும் விடாமல் ஏற்றிக் கேட்டு, சேவலைவிடக் கூடுதல் விலைக்கு அதை எடுத்தவரும் அவர்தான்.

"கள்ளக்காசுன்னு சொன்னீங்களே மாமா?" என்றேன்.

காசை வேட்டி மடியில் பத்திரமாகச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "கள்ளம்தான் மக்கா. ஒருவேளை நல்லதா இருந்துட்டா, வேற எவனாவது கொண்டுபோயிருவானே."