அத்தா சபையில் சொன்ன பெயர்

இறைவன் நாடியபடி அத்தா மறைந்து ஒரு வருடம் ஆகிறது. வருட நினைவுக்காகக் குர்ஆன் ஓதும் கத்தத்திற்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கு அவர்களைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்கள்.

அத்தா பிறந்தது வாலிகண்டபுரம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஸ்டேஷனுக்குக் கடலை மூட்டை ஏற்றிப் போகும் பாரவண்டி அவர்களுடையது. மாட்டை ஒரு நாளும் அடித்ததில்லை. எங்களைத்தான் வாயால் விளாசுவார்கள். கூட வண்டி ஓட்டிய காதர் மைதீன் பேதியில் இறந்தபோது, தாயில்லாத அவரது இரண்டு வயது மகளைத் தூக்கி வந்து வளர்த்தார்கள். அந்தக் குழந்தை நான். பெற்றவர் யார் என்பதை அத்தா என்னிடம் மறைத்ததே இல்லை.

யுத்தம் முடிந்த சமயம் எனக்கு நிக்காஹ் பேசினார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கு வந்து, "பாய், வளத்தவங்க வலீயா, பொண்ணுக்குப் பொறுப்பாளியா நின்னு கட்டிக் குடுக்க முடியாது. பெத்தவரோட தம்பி இருக்காருல்ல, அவருக்குத்தான் அந்த உரிமை" என்றார். அந்தச் சின்னத்தா இருந்தது அரியலூரில். ஒரு பெருநாளுக்குக்கூட என்னை எட்டிப் பார்க்காதவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்களே உக்காருங்கத்தா. யாருக்குத் தெரியப்போவுது?"

"அல்லாவுக்குத் தெரியுமே, தாயி. நிக்காஹ்ல ஒரு குறை இருந்துச்சுன்னா உன் வாழ்க்கையில்ல கெட்டுப்போவும்."

மறுநாளே வண்டியைப் பூட்டிக்கொண்டு அவரை அழைக்கப் போனார்கள். நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சின்னத்தா வந்தார். சபையில் தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தவர், ஹஜ்ரத் கேட்டதும், "இந்தப் புள்ளைக்கு நான் ஒரு வாய் தண்ணி குடுத்ததில்ல. வளத்தவங்களே என் வக்கீலா நின்னு முடிச்சுக் குடுக்கட்டும்" என்றார். உரிமை உள்ளவர் தன் சார்பில் ஒருவரை நிறுத்தினால் செல்லும் என்று ஹஜ்ரத்தும் ஒப்புக்கொண்டார். அத்தா முன்னால் வந்து உட்கார்ந்தார்களாம். அப்போதும் 'என் மகள்' என்று சொல்லவில்லை. "காதர் மைதீன் மகள் ஜுலைகாவை" என்று, உள்ளே இருந்த எனக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்கள். என் கோபமெல்லாம் அழுகையாகப் போய்விட்டது.

கடைசி இரண்டு மாதம் அத்தா படுக்கையில் இருந்தபோது மாடுகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு உடையார் மாமாவுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த வைத்தியருக்கும், ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்க அரியலூரிலிருந்து ஓடி வந்த சின்னத்தாவுக்கும் நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

என் பெயருடன் யார் மகள் என்று போடுவது என அச்சாபீஸில் கேட்டார்கள். அத்தா சபையில் சொன்னபடியே போடச் சொன்னேன். மாற்றிப் போட்டால் அவர்களுக்குப் பிடிக்காது. ஆனால், நான் அத்தா என்று கூப்பிட்டது அவர்கள் ஒருவரைத்தான்.

காதர் மைதீன் மகள் ஜுலைகா