மணிக்கு முப்பத்தாறு

தாசம்மாளுக்குக் கணக்கு வரும். பாறசாலையில் பத்தாம் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவள். அத்தோடு படிப்பு நின்றது. பிறகு தையல் வகுப்பு, யோசுவாவோடு கல்யாணம், மகள் ஆர்ஷா, சாலைக் கடைத்தெருவில் வேலை. எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. கணக்கு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ரயிலில் போகும்போது கூட்ஸ் வண்டி எதிரே கடந்தால் பெட்டிகளை எண்ணிவிட்டுத்தான் பேச்சைத் தொடருவாள்.

கடைத்தெருவுக்குப் பின்னால், பாத்திரக்கடை மாடியில், பள்ளிச் சீருடை தைக்கும் இடம். இருபத்திரண்டு மெஷின். யாரும் முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருத்திக்குக் கை, ஒருத்திக்குப் பாக்கெட். தாசம்மாளுக்கும் விஜயத்துக்கும் காலர். காலர்கள் பன்னிரண்டு பன்னிரண்டாகத் துணிக்கீற்றால் கட்டி வரும். ஒரு கட்டைத் தைத்து முடித்ததும் கீற்றை மெஷின் கழுத்தில் மாட்டிக்கொள்வாள் தாசம்மாள். மூன்று மணி நேரத்துக்கு ஐந்து கீற்று. அதாவது அறுபது காலர், மணிக்கு இருபது. சாப்பாடும் டீயும் கழித்து ஏழரை மணி நேர வேலை. ஒருத்திக்கு நூற்றைம்பது, இருவருக்கும் முந்நூறு. ஒரு நாளைக்கு வேண்டியதும் முந்நூறுதான்.

விஜயம் கரமனைக்காரி. ஐம்பத்தாறு வயது. வலது மணிக்கட்டில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு தைப்பாள். அவளுக்கும் நூற்றைம்பது வந்துவிடும், டீக்கு எழுந்திருக்காததால்.

ரோஸ் பதினொரு வருஷம் தாசம்மாளின் பக்கத்து மெஷின். போகவர ஒரே ரயில். முதலில் ஏறுபவள் மற்றவளுக்காகச் சோற்றுப்பையைப் பக்கத்தில் வைத்து இடம் பிடிப்பாள். ரோஸுக்குக் கை வேகம், கணக்கு ஆகாது. எதைக் கூட்டவேண்டும், எதை வகுக்கவேண்டும் என்றாலும் "எடி, எத்தரடி?" என்று தாசம்மாளிடம்தான் கேட்பாள். பள்ளி திறக்கும் காலத்தில் வேலை நெருக்கினால் இருவரும் ஜோடி போடுவார்கள். ஒருத்தி காலரைத் திருப்பி, முனையைக் குச்சியால் நிமிர்த்தி, நூல் வெட்டிக் கொடுப்பாள். மற்றவள் தலை நிமிராமல் தைத்துத் தள்ளுவாள்.

போன ஓணத்துக்கு ரோஸை இன்சார்ஜ் ஆக்கினார்கள். அவள் மெஷினை விட்டு எழுந்தாள். ரயிலில் ஒன்றும் மாறவில்லை.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ரோஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தாசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எடி, ஒரு மணிக்கூர் ஜோடி போடுவோமா? பழைய மாதிரி."

"இன்சார்ஜம்மைக்கு நூல் வெட்டவும் சமயமுண்டோ?"

"சும்மா இரி. காலருக்கு ஒரு மெஷின் போதுமான்னு ஆபீஸ்ல கேக்குதாங்க. நீ தைக்கணும், விஜயம் அக்கா திருப்பித் தரணும். அந்தக் கைக்கு அதுதானே நல்லது? எத்தர வருதுன்னு பாத்துச் சொல்லணும்."

விஜயம் அன்று லீவு. கைக்கு எண்ணெய் போட வைத்தியரிடம் போயிருந்தாள். அந்தக் கையை நினைத்துத்தான் தாசம்மாள் மிதித்தாள். தண்ணீர் குடிக்கவில்லை. முதுகை ஒருமுறைகூட நிமிர்த்தவில்லை. ரோஸ் திருப்பித் திருப்பி நீட்டினாள். மணி அடித்தபோது மெஷின் கழுத்தில் மூன்று கீற்று.

"முப்பத்தாறு," என்றாள் தாசம்மாள். மூச்சு வாங்கியது. "ஆனா ரோஸே, ரெண்டு மெஷின்ல நாப்பது வரும். ஜோடி போட்டா நாலு குறையுதே. சம்மதிப்பாங்களா?"

"ஒரு மெஷின் பாக்கெட்டுக்குக் கிட்டுமே. அத நான் ஆபீஸ்ல பறஞ்சு செரியாக்கிடுதேன். ஏழரை மணிக்கூருக்கு எத்தரடி?"

"இருநூத்தி எழுபது."

யோசிக்கக்கூட இல்லை. ரோஸ் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை வெள்ளைப் பலகையில் புதிதாக ஒரு வரி இருந்தது. காலர், ஒரு ஆள், 270.

மேனேஜர் ஸ்ரீநிவாஸ் கோட்டைக்குள் அக்ரகாரத்துப் பையன். யாரிடமும் குரல் உயர்த்தாதவன். விஜயத்தைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு போதும் என்று மெல்லச் சொன்னான். முந்நூறில் இருநூற்றெழுபது ஒருத்தியே செய்வாள். மிச்சம் முப்பதை யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

தாசம்மாள் மெஷினை அப்படியே விட்டு எழுந்து போனாள்.

"சார், வெள்ளிக்கிழம ரெண்டு பேரு இருந்தோம். ரோஸ் திருப்பித் தந்தா, நான் தைச்சேன். முப்பத்தாற ரெண்டால வகுக்கணும். ஆளுக்குப் பதினெட்டுதான். இப்ப செய்யுத இருபதவிட அது கொறவு சார்."

ஸ்ரீநிவாஸ் ரோஸைப் பார்த்தான். "ஆணோ? நிஜமா?"

ரோஸ் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் டைம் பாக்கத்தான் சார் இருந்தேன். இடைல ஒண்ணு ரெண்டு நூல் வெட்டியிருப்பேன்."

"முப்பத்தாறு முடியும்னு நீங்கதானே காட்டினேள், சேச்சி," என்றான் ஸ்ரீநிவாஸ். "அப்போ இத்தன நாளா பாக்கி பதினாறு எங்க போச்சு?"

தாசம்மாள் போய் உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்து, தனியாக ஒரு மணி நேரம் தைத்தாள். உயிரைக் கொடுத்துத் தைத்தும் இருபத்தொன்றுதான் வந்தது. கொண்டுபோய்க் காட்டினாள்.

ஸ்ரீநிவாஸ் சிரித்தான். "குறைச்சுக் காட்டணும்னு உக்காந்தா குறைஞ்சுதானே வரும்?"

தாசம்மாள் காலர்களை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

சாப்பாட்டு நேரத்தில் யாரும் அவள் பக்கத்தில் இலையை விரிக்கவில்லை. பாக்கெட் தைக்கும் ஷாலு மட்டும் உரக்கக் கேட்டாள். "முப்பத்தாறு சேச்சி, சோறும் மணிக்கூர் வெச்சா தின்னுதீங்க? அடுத்தது எங்க பாக்கெட்டா?" இரண்டு பேர் சிரித்தார்கள். விஜயம் சிரிக்கவில்லை. பேண்டேஜை அவிழ்த்து மறுபடி இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உனக்க கைய நினைச்சுத்தான்…"

"இருநூத்தி எழுபதுன்னு நீ வாயத் தொறந்து சொன்னியா இல்லியா? அத மாத்திரம் சொல்லு."

"சொன்னேன்."

"அப்ப செரி." விஜயம் பேண்டேஜின் நுனியைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள்.

சாயங்காலம் தாசம்மாள் பவர் ஹவுஸ் ரோடு வழியாகத் தம்பானூர் ஸ்டேஷனுக்குத் தனியாக நடந்தாள். பாசஞ்சரில் வழக்கமான பெட்டி. ஜன்னலோரம் ரோஸ் இருந்தாள். பக்கத்து இடத்தில் சோற்றுப்பை. தாசம்மாளைக் கண்டதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. தாசம்மாள் உட்காரவில்லை. இடத்தை வேறொருத்தி பிடித்துக்கொண்டாள்.

நேமம் ஸ்டேஷன் தாண்டியது. பிறகு ரோஸ் தலை நிமிராமல் தணிந்த குரலில் சொன்னாள். "எண்ணிக்கை கூடல்லேன்னா பழைய மெஷினுக்கே போன்னு சொல்லிட்டாங்கடி. நான் எந்து செய்ய? உன்ன இருநூத்தி எழுபதுக்கு ஆரும் நெருக்க மாட்டாங்க. நான் உண்டுல்லே."

"விஜயம் அக்காக்கு ஆரு உண்டு?"

ரோஸ் வெளியே பார்த்தாள். பாலராமபுரம் வந்து போனது. இடையில் ஒரு கூட்ஸ் வண்டி எதிரே ஓடியது. தாசம்மாள் எண்ணவில்லை.

நெய்யாற்றின்கரை தாண்டியதும் ரோஸ் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தாள். விரலால் ஒரு வரியைத் தொட்டுக்கொண்டு, பதினொரு வருஷப் பழக்கத்தில், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாராமலே கேட்டாள்.

"எடி, பாக்கெட் மணிக்கு நாப்பத்தி நாலு. ஏழரைக்கு எத்தரடி?"

பக்கத்தில் இருந்தவள் திருதிருவென்று விழித்தாள். ரோஸ் நிமிர்ந்து, கம்பியைப் பிடித்து நிற்கும் தாசம்மாளைப் பார்த்தாள்.

முந்நூற்று முப்பது. கேள்வி முடியுமுன்பே பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தாசம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ரோஸ் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு போனை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக அமுக்கத் தொடங்கினாள்.