அறாத இழை

பசைத் தொழிற்சாலையில் பாக்டீரியாத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எல்லாச் சத்தையும் அள்ளிக் கொடுத்தால் அந்தச் சனியன்கள் குட்டி போட்டுக்கொண்டே போகுமே தவிர, பசை விடாது. தழைச்சத்தைக் குறைத்து, சர்க்கரையைத் தாராளமாக ஊற்ற வேண்டும். அப்போதுதான் கோந்து கோந்தாகக் கக்கும். கண்ணாடிக் குச்சியை முக்கித் தூக்குவாள். இழை ஒரு சாண் நீண்டால், "அடி சக்கை!" என்று தொட்டியைத் தட்டிக்கொடுப்பாள்.

வீட்டில் சர்க்கரை வியாதிக்காரக் கணவனுக்குக் காலில் புண். கட்டு மாற்றுவதும் அவள்தான். இன்று பழைய துணியைத் தூக்கியபோது, புண்ணிலிருந்து பசை இழையாகக் கூடவே வந்தது.

"என்னடி, ஆறிட்டு வருதா?" என்றான்.

அவள் துணியை இன்னும் மேலே தூக்கினாள். ஒரு சாண் தாண்டியும் இழை அறவில்லை.