ட்ரேசியின் தலையும் என் வேலையும்

போன புதன்கிழமை என் புது வேலை போகப் பார்த்தது. சேர்ந்து இரண்டே வாரம்! காரணம்? கொஞ்சம் எண்ணெய்.

அதற்கு முன் ஒரு சந்தோஷச் செய்தி. நான் இப்போது ஸ்கூல் நேர்ஸ். மெல்பேர்னில், டண்டினோங் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். எனக்கென்று தனி அறை, ஒரு கட்டில், ஒரு மருந்து அலுமாரி. கதவில் என் பெயர். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இந்த நாடு ஆசியக்காரருக்குக் கதவு திறந்து நாலைந்து வருஷம்தான் ஆகிறது. அதற்குள் நான் ஒரு கதவில் பெயரே போட வைத்துவிட்டேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஊரில், யாழ்ப்பாணத்தில், ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றப் போய், ஊசி போடப் பழகி, பரீட்சையில் விழுந்து, எழும்பி, மறுபடி விழுந்து, கடைசியில் நேர்ஸ் ஆனவள். இங்கே வந்து அதே பரீட்சையை இங்கிலிஷில் இன்னொரு தரம் எழுதினேன். என் வீட்டுக்காரர் பட்டதாரி. ஆனால் அவர் வேலை செய்யும் இடத்தில் எந்தக் கதவிலும் அவர் பெயர் இல்லை. இதை அவ்வப்போது அவருக்கு நினைவுபடுத்துவது என் கடமை.

தலைமை ஆசிரியர் மிஸ்டர் ஹார்ப்பர் நல்ல மனிதர். ஆனால் முதல் நாளே சொல்லிவிட்டார் — மூன்று மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்று. மூன்று மாதமா? என்னைப் பார்க்க மூன்று நாள் போதாதா என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பேன் பார்க்கிற நாள். ஏன் சிரிக்கிறீர்கள்? வெள்ளைக்காரத் தலையில் ஏறக்கூடாது என்று பேனுக்கு யார் சொன்னார்கள்? வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வருவார்கள். பேன் இருந்தால் உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தலை சுத்தமான பிறகுதான் மறுபடி உள்ளே விடலாம். பள்ளிக்கூடத்துச் சட்டம் அது.

வந்தாள் ட்ரேசி. எட்டு வயது. முதுகு வரை சோளநார் நிறத்தில் முடி. விலக்கிப் பார்த்தேன்... ஒரு ஊரே குடியிருந்தது.

நான் வாய் திறக்க முன்பே அவள் கண் கலங்கிவிட்டது. அன்று பின்னேரம் பள்ளிக்கூடத்தில் பாட்டு நிகழ்ச்சி. அவள் தனியாக ஒரு பாட்டுப் பாட இருந்தாள். பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிற அம்மா, பகல் தூக்கத்தை விட்டுவிட்டுக் கேட்க வருகிறாராம்.

"என்னை அனுப்ப வேண்டாம், நேர்ஸ்" என்றாள்.

சட்டம் என்ன சொல்கிறது? தலை சுத்தமானால் வரலாம். எங்கே வைத்துச் சுத்தமாக்க வேண்டும் என்று அது சொல்லவில்லையே!

கதவைச் சாத்தினேன். பேன் பார்க்கிற நாளாயிற்றே, கைப்பையில் ஆயுதங்களோடுதான் போயிருந்தேன். ஊரிலிருந்து வந்த பேன்சீப்பு ஒன்று. தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்த போத்தல் ஒன்று. மெல்பேர்ன் குளிரில் எண்ணெய் கல்லாக உறைந்திருந்தது. ஹீற்றர் பக்கத்தில் வைத்து உருக்கி, உச்சியில் வைத்துத் தேய்த்து, வாரு வாரென்று வாரினேன். வெள்ளைத் துணியில் பேன் விழ விழ, அழுத பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. கடைசியில் இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டு, காயத்துக்குக் கட்டுகிற துணியைக் கிழித்து ரிபனாக முடிந்துவிட்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பிச்சை வாங்க வேண்டும்... அப்படி ஒரு பின்னல்!

பாடினாள். நன்றாகவே பாடினாள். குரல் கடைசி வரிசை வரை போனது. வேப்பெண்ணெய் மணமும் போனது.

பாட்டு முடிந்த கையோடு ஹார்ப்பர் கூப்பிட்டார். போனால், ட்ரேசியின் அம்மா முகம் சிவந்து நிற்கிறார். பிள்ளையின் தலை பிசுபிசுக்கிறது, மணக்கிறது, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள் என்று பொரிந்து தள்ளினார். பிறகு நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்: "என் பிள்ளையின் தலையைத் தொட உனக்கு யார் அனுமதி தந்தது?"

எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அனுமதியா? எங்கள் ஊரில் முன்னால் உட்கார்ந்த தலை பின்னால் உட்கார்ந்தவருக்குச் சொந்தம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் பேன் பார்ப்போம், விருந்துக்கு வந்தவளுக்கும் பார்ப்போம். யார் யாரைக் கேட்டோம்? இங்கே தலை என்பது சொந்த வளவு மாதிரி. சுற்றிவர வேலி இருக்கிறது. நான் வேலி பாய்ந்துவிட்டேன்.

ஹார்ப்பர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மூன்று மாதம் இரண்டு வாரமாகச் சுருங்குவது அவர் முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த அம்மா ஏசிக்கொண்டே காதுக்குப் பின்னால் சொறிந்தார். பிறகு பிடரியில். மறுபடி காதுக்குப் பின்னால்...

நேர்ஸ் கண் சும்மா இருக்குமா?

"கேட்காமல் செய்தது பிழைதான்" என்றேன். "இப்போது கேட்கிறேன். உங்கள் தலையைப் பார்க்கலாமா?"

சொறிந்த கை அப்படியே நின்றது. ஹார்ப்பர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொன்னேனே, நல்ல மனிதர்.

அந்த அம்மா மெல்லக் கேட்டார்: "அந்த மணம் போகுமா?"

இரண்டு தரம் ஷாம்பூ போட்டால் போகும் என்றேன்.

என் அறையில், என் கதிரையில் வந்து உட்கார்ந்தார். எண்ணெய்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு ட்ரேசி பக்கத்தில் நின்றாள். பாதித் தலைகூட வாரி முடியவில்லை, அம்மா தூங்கிப்போனார். இரவெல்லாம் பிஸ்கட் அடுக்கியவர், பகலில் பாட்டுக் கேட்க வந்தவர். தூங்கட்டும் என்று சத்தமில்லாமல் வாரினேன்.

ஹார்ப்பர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இனிமேல் அம்மாமாரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார். இனிமேல் என்றாரே! அது போதாதா எனக்கு?

அன்றிரவு வீட்டில் இதை ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். இந்தக் கை எத்தனை தலை வாரியிருக்கும், ஒரு பேனாவது என் தலையில் ஏறத் துணிந்திருக்குமா என்றும் சேர்த்துக்கொண்டேன். வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏனப்பா சொறியிறீர்?" என்றார்.

கையை இறக்கினேன். பட்டதாரி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பேன்சீப்பை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

அனுமதி கேட்கவில்லை.