பனிக்குள் செடி எண்ணிய கதை

சின்னம்மா அந்த முறை விடுமுறைக்கு வந்தபோது துணிப்பையோடு ஒரு சதுரத்தையும் கொண்டுவந்தாள். தண்ணீர்க் குழாயை வெட்டி ஒட்டிச் செய்த வெள்ளைச் சதுரம். அம்மாவின் தங்கையான அவள்தான் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். ஆகவே அது என்னவென்று கேட்க லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. அதைப் புல்லில் எறிந்து, விழுந்த இடத்தில் எத்தனை வகைச் செடிகள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும், கடைசி வருடப் படிப்பே அதுதான் என்று சின்னம்மா சொன்னதும் கூட்டம் மரியாதையாகக் கலைந்தது. அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை.

“நான் கொழுந்து பறிச்சு ஒன்ன கெம்பஸ் அனுப்புனது புல்லு எண்றதுக்கா?”

“புல்லு மட்டும் இல்லக்கா, பூவும் எண்ணுவேன்.”

எனக்கு அப்போது எட்டு வயது. சதுரத்தை எறிய ஓர் ஆள் தேவைப்பட்டதால் என்னைச் சேர்த்துக்கொண்டாள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலையூரான அப்புத்தளைக்கு மேலே இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் கைவிடப்பட்ட ஒரு தேயிலை மலை. அது முழுக்க நாயுண்ணி என்ற முட்புதர் மண்டிக் கிடந்தது. அதைத் தாண்டி ஏறினால் பத்தனை, அதாவது யாரும் எதுவும் நடாத திறந்த புல்வெளி. அந்தப் புல்வெளி உச்சியைக் கடந்து மறுபக்கமும் சரிந்து போய், ஓரிடத்தில் சட்டென்று முடியும். அதற்கப்பால் பூமி வெகு கீழே இருக்கும்.

முதல் சில நாட்கள் நாயுண்ணிக்குள் வேலை செய்தோம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. சதுரம் எங்கே விழுந்தாலும் உள்ளே நாயுண்ணிதான். “ஒன்னு” என்று கத்திவிட்டு, கறுத்த பழங்களைப் பறித்துத் தின்னலாம். சின்னம்மாவோ அந்தச் செடியைப் பரம்பரை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மண்ணை ஒருமுறை கிளறிவிட்டுக் கைவிட்டால் போதும், இது வந்து உட்கார்ந்துகொண்டு வேறெதையும் முளைக்க விடாது, கிட்டே போகப் போக மற்ற வகைகள் குறைந்துவிடும் என்று திட்டினாள்.

பத்தனைக்கு ஏறியபோதுதான் என் சுகம் கெட்டது. தூரத்திலிருந்து வெறும் புல்லாகத் தெரிந்த இடத்தில், சதுரத்துக்குள் குனிந்தால் விரல்கள் போதவில்லை. மூக்குத்தி அளவு நீலப் பூ, பூனைக் காது போன்ற மெத்தென்ற இலை, சிவந்த மயிர்களில் பிசின் துளியை வைத்துக்கொண்டு எறும்பைப் பிடிக்கும் ஒரு குட்டிச் செடி. சின்னம்மா மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் படம் பிடித்தாள். போனில் சார்ஜ் தீர்ந்ததை அவள் கவனிக்கவில்லை. பள்ளத்தின் பக்கமிருந்து பனி ஏறி வந்ததையும் கவனிக்கவில்லை.

நிமிர்ந்தபோது உலகம் வெள்ளையாகிவிட்டிருந்தது. நீட்டிய என் கையே எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

“உக்காரு பாப்பா, கலஞ்சிரும்,” என்றாள். கலையவில்லை. ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கத்திப் பார்த்தாள், யாருக்கும் கேட்கவில்லை. குளிர் ஏறி, வெள்ளை மெல்லச் சாம்பல் நிறமானது. கீழே இறங்கினால் வீடு வந்துவிடாதா என்று கேட்டேன். “எந்தக் கீழ?” என்றாள். எனக்கு அது வேடிக்கையான பதிலாகப் பட்டது.

பிறகு தன் சால்வையின் ஒரு நுனியை என் மணிக்கட்டிலும் மறுநுனியைத் தன் இடுப்பிலும் கட்டினாள்.

“இனி கையால எண்ணுவோம். தவழ்ந்துகிட்டே வா. என்ன படுதுன்னு சொல்லு.”

வேலை முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் சதுரத்தை முன்னால் எறிவாள், அது விழும் சத்தத்தைக் கேட்பாள், நாங்கள் அதுவரை தவழ்வோம், மறுபடி எறிவாள். ஒருமுறை எறிந்தபோது சத்தமே வரவில்லை. வெகு நேரம் கழித்து எங்கோ ஆழத்தில் ‘டக்’ என்றது.

“சின்னம்மா, சதுரம் போச்சு!”

என்னை இழுத்து மார்போடு அணைத்தபடி பின்னாலேயே நகர்ந்தாள். அவ்வளவு பாடுபட்டுச் செய்த சதுரத்தைத் தேடக்கூட மாட்டேன் என்கிறாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு கேள்விகள் வேகமாக வந்தன.

“என்ன படுது?”

“ஒட்டுற செடி. பூனைக் காது. இன்னும் என்னென்னமோ.”

“வேணாம், இந்தப் பக்கம் வா. இப்ப?”

“உசரமான புல்லு. வேற ஒன்னு ரெண்டுதான்.”

“நல்லது. இன்னும் கொறையுதா பாரு.”

வகைகள் குறைவதில் அவளுக்கு என்ன சந்தோஷம் என்று புரியாமலேயே தடவிக்கொண்டு போனேன். திடீரென்று உள்ளங்கையில் சுருக்கென்று குத்தியது. கசங்கிய இலையின் காட்டமான வாசம் மூக்கில் ஏறியது.

“ஆ! முள்ளு!”

“எத்தன வகை?”

“ஒன்னுதான். எல்லாம் நாயுண்ணி.”

“ஒன்னுதானா? நல்லா தடவிப் பாரு கண்ணு, ஒன்னுதானா?”

“ஒன்னுதான் சின்னம்மா!”

அவள் இரண்டு கைகளாலும் அந்த முள்செடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சிரித்தாள். பிறகு அழுதாள். நாயுண்ணி இருக்கிறதென்றால் பழைய தேயிலை மலைக்கு வந்துவிட்டோம். அதற்குக் கீழே லயம். விறகுக்குப் போகும் பெண்கள் புதருக்குள் வெட்டி வைத்திருந்த தடம் காலில் தட்டுப்பட்டது. கொஞ்ச தூரம் இறங்கியதும் நாய்கள் குரைத்தன. பிறகு டார்ச் வெளிச்சமும் என் பெயரைக் கூப்பிடும் அப்பாவின் குரலும் வந்தன.

வீட்டில் எல்லோரிடமும் நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். பனிக்குள்ளும் நாங்கள் வேலையை விடவில்லை, கண் தெரியாமலேயே எண்ணினோம், சதுரம் மட்டும் பள்ளத்தில் விழுந்துவிட்டது என்றேன். அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அம்மா நிச்சயம் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெந்நீர் கொண்டுவந்து, தங்கையின் கீறல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். எத்தனை வகை எண்ணினேன் என்று என்னை யாருமே கேட்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

சோறு போட்டார்கள். சின்னம்மா என் இடது கையை விடாமல் பிடித்திருந்தாள். வலிக்கிறது, விடு என்றேன். விடவில்லை. அதைத் தன் சால்வைக்குள் இழுத்து இன்னும் இறுக்கிக்கொண்டாள். பாவம், சின்னம்மாவுக்கு இன்னும் குளிர் விடவில்லை என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.